கமருன்னிசா வீட்டுத் துணிக்கொடி

துணி காயப்போடுகிற கொடி எல்லா வீட்டிலும்தான் இருக்கிறது. சேலையைப் போட்டால் தாங்கும், போர்வையைப் போட்டால் கொஞ்சம் தொய்யும், அதோடு அதன் வேலை முடிந்தது. விருதுநகரில் கமருன்னிசா வீட்டுக் கொடிக்கு மட்டும் கொழும்போடு பேச்சுவார்த்தை இருந்தது. அந்தப் பேச்சுக்காக அவள் பட்ட பாட்டை நினைத்தால் இன்றைக்கும் வயிறு எரிகிறது.

அவள் புருஷன் அப்துல் ஹலீம் பஜாரில் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்தான். யுத்தகாலத்தில் பட்டாளத்தில் தந்தி அடித்துப் பழகிய கை. ஊருக்குத் திரும்பிய பிறகும் அந்த நமைச்சல் அடங்கவில்லை. பரீட்சை எழுதி, சர்க்கார் லைசென்ஸ் வாங்கி, வீட்டில் உட்கார்ந்தபடியே சொந்த ரேடியோ செட்டில் தந்திக் கட்டையைத் தட்டித் தேசாந்திரங்களோடு பேசிக்கொண்டிருந்தான். பைசா வரும்படி கிடையாது. இங்கே வெயில், அங்கே மழையா, சௌக்கியமா என்கிற ரகம். கட்டின பெண்டாட்டியிடம் சௌக்கியமா என்று ஒரு நாளாவது கேட்டிருப்பானா? கேட்கிற வழக்கமே கிடையாது.

கொழும்பில் ஒரு சிநேகிதன் இருந்தான். இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்ததில்லை. அவன் கிடைத்துவிட்டால் ஹலீமின் விரல் துள்ளும், முகம் மலரும், சோறு ஆறிப்போகும். கமருன்னிசா அந்தச் செட்டைச் சக்களத்தி என்றே சொல்லுவாள். முதல் வருஷம் சிரித்துக்கொண்டு சொன்னாள். பிறகு சிரிக்காமல் சொன்னாள்.

வினை வீடு மாறியபோது வந்தது. புது வீட்டுக்காரர் பெத்தணன் மொத்த வியாபாரி. வருஷம் முழுக்க மிளகாய் வத்தல், தீபாவளி சீசன் வந்தால் சிவகாசிப் பட்டாசு. அவருடைய சரக்குக் கிட்டங்கியும் இந்த வீடும் ஒரே சுவர். சாவியைக் கொடுக்கும்போதே கறாராகச் சொல்லிவிட்டார்.

"பாயி, வீடு தாரேன். ஆனா கூரைக்கு மேல ஒரு கம்பி, ஒரு மூங்கி நிக்கக்கூடாது. கம்பியக் கண்டா இடி தேடி வரும். போன மழைக்குத் தாயில்பட்டிப் பக்கம் ஒரு பட்டாசுக் கொட்டகையில இடி எறங்கி ஆளையே அள்ள முடியலயாம். சுவத்துக்கு அங்கிட்டு எம்புட்டுச் சரக்கு கெடக்குன்னு ஒமக்குத் தெரியும்ல?"

"தெரியும் அண்ணாச்சி. ஒரு குச்சி ஏறாது" என்று ஹலீம் தலையை ஆட்டினான். அடேயப்பா, என்ன ஆட்டு!

ஏரியல் கட்ட நல்ல உயரமும் தெரு நீளத்துக்குக் கம்பியும் வேண்டும். அந்த வீட்டிலோ வானம் தெரிகிற இடம் ஒன்றே ஒன்றுதான். அடுப்படிக்குப் பின்னால் பெண்கள் புழங்குகிற முற்றம். அதில் நாலு ஆள் நீளத்துக்கு மேல் கம்பி போகாது. ஹலீம் கெட்டிக்காரன். போதாமல் போன நீளத்தை மூங்கில் குழாயில் சுருளாகச் சுற்றி அடுப்படி மாடக்குழிக்குள் ஒளித்தான். சுருளிலிருந்து முற்றத்தின் குறுக்கே செம்புக் கம்பியை இழுத்துக் கட்டினான். சக்தி சுவரில் இறங்காமலிருக்க இரண்டு முனையிலும் உடைந்த சோடா பாட்டிலின் கழுத்தை மாட்டினான். மேலே இரண்டு கைலி, ஒரு பாவாடை. யார் பார்த்தாலும் துணிக்கொடி.

யார் பார்க்கப்போகிறார்கள்? அங்கேதான் அவன் மூளை இருந்தது. முஸ்லிம் வீட்டு முற்றம், பெண்டுகள் இருக்கிற இடம், அண்ணாச்சியே ஆனாலும் அந்நிய ஆண்பிள்ளை கால் வைக்க மாட்டார். அந்த மரியாதையைத்தான் அவன் ஏரியலுக்கு வேலியாகப் போட்டான்.

வேலி போட்டால் உள்ளே இருக்கிறவளுக்கும் அதுதானே வேலி. அதுவரை அவள் இருந்தது அப்படியொன்றும் கோஷா வீடு இல்லை. அண்ணாச்சி சம்சாரம் வீரலட்சுமி மதியமானால் வத்தல் கூடையோடு பின்வாசலில் வந்துவிடுவாள். இரண்டு பேரும் காம்பு கிள்ளிக்கொண்டே ஊர்க்கதையெல்லாம் பேசுவார்கள். கம்பி கட்டிய மறுநாள் ஹலீம் பின்வாசலுக்குத் தாழ்ப்பாள் போட்டான். அடுப்படி நிலையில் கனத்த திரை தொங்கியது. சாத்தூரிலிருந்து வந்த அவள் தங்கச்சியைக்கூட முன்னறையிலேயே உட்காரவைத்து டீ கொடுத்து அனுப்பினான். "பாய்க்குத் திடீர்னு மார்க்கப்பற்று பொங்கிருச்சு" என்று தெருவில் மெச்சிக்கொண்டார்கள். எங்கே போய் முட்டிக்கொள்வது!

இதில் இன்னொரு கூத்து. அந்தக் கொடியில் ஈரத்துணி போடக்கூடாது. ஈரம் பட்டால் சக்தி குறையுமாம். காய்ந்த துணியை எடுத்து மடிக்கவும் கூடாது, கொடி வெறுமனே தெரியக்கூடாதாம். ஆக, கொடியில் எப்போதும் காய்ந்த துணி தொங்கும். துவைத்த துணியை அவள் அடுப்படியில் கட்டில்மேல் விரித்துப் புகையில் காயவைப்பாள். கட்டின சேலையில் எந்நேரமும் புகைவாடை.

குட்டையாக்கிய கம்பிக்கு ஒரு குணம் உண்டு. ஆள் சின்னது, கோபம் பெரிது. நீளக் கம்பியில் பரந்து ஓட வேண்டியது எல்லாம் நுனியில் வந்து குமுறிக்கொண்டு நிற்கும். அது தெரியாமல் ஒருநாள், முன்னறையில் அவன் கட்டை தட்டிக்கொண்டிருந்த நேரம், அஸர் தொழுதுவிட்டு வந்து, காற்றில் நழுவிய கைலியைச் சரிசெய்ய நுனியில் விரலை வைத்தாள் கமருன்னிசா. சுரீர் என்றது. சதை பொசுங்கிய வாடை வந்தது. விரல் நுனியில் வெள்ளையாக ஒரு குழி விழுந்திருந்தது. அவள் போட்ட சத்தத்தில் ஹலீம் ஓடிவந்தான். ஓடிவந்தவன் விரலைப் பார்த்தான், கம்பியைப் பார்த்தான், முகமெல்லாம் பல்லாகச் சிரித்தான்.

"நுனி வரைக்கும் இம்புட்டுச் சக்தி வருதா! அதான் நேத்து கொழும்புக்காரன் அப்படிக் கேக்குதுன்னு சொன்னான்!"

"என் வெரலு வெந்து கெடக்கு. ஒங்களுக்குச் சிரிப்பா இருக்காக்கும்?"

"மெள்ளத் தொட்டா அப்படித்தான் சுடும். இறுக்கிப் பிடிச்சிருந்தா ஒண்ணும் செஞ்சிருக்காது. நீ ஏன் மெள்ளத் தொட்ட?"

அவள் அன்று முழுக்க அழுதாள். பிறகு அவனுக்கே என்னமோ போலாகி, செட்டில் இருந்த ஒரு திருகைக் காட்டினான். இடது பக்கம் திருப்பினால் சக்தி அடங்கிவிடும், கம்பியைத் தொட்டாலும் தெரியாது. "நீ கொடிப்பக்கம் நிக்கும்போது இதைக் குறைக்காம கட்டையில கை வைக்க மாட்டேன். அல்லா மேல ஆணை" என்றான். சொன்னபடி நடக்கவும் செய்தான். நாலு வருஷத் தாம்பத்தியத்தில் அவளுக்கென்று அவன் செய்த காரியம் அது ஒன்றுதான். அதை அவள் நகை மாதிரி மனசில் பூட்டிவைத்திருந்தாள், பைத்தியக்காரி.

அறுபத்திரண்டாம் வருஷம் சைனாக்காரன் எல்லையில் ஏறினான். செட் வைத்துப் பேசுகிறவர்கள் பேச்சை நிறுத்தி, செட்டைப் போலீசில் ஒப்படைக்க வேண்டும் என்று உத்தரவு வந்தது. ஹலீம் செத்துப்போன பழைய செட் ஒன்றைத் துடைத்து எடுத்துக்கொண்டுபோய் ஒப்படைத்தான். உயிருள்ளதை வீட்டிலேயே வைத்துக்கொண்டான். ஆனால் பேசப் பயம். கட்டையைத் தொடாமல் கிடந்த அந்த நாட்களில் அவன் பீடி கிடைக்காத ஆள் மாதிரி ஆனான். தட்டில் விரலால் தாளம் போடுவான். அந்தத் தாளம் கமருன்னிசாவுக்கு மனப்பாடம். சுவருக்கு அந்தப்புறம் உட்கார்ந்து எத்தனை நாள் கேட்டிருக்கிறாள்! யாராவது இருக்கிறீர்களா என்று கூப்பிடுவது ஒரு தாளம். கொழும்புக்காரன் கிடைத்துவிட்டால் அடிப்பது வேறொரு தாளம், குதியாளமாக இருக்கும். எழுத்து ஒன்றும் தெரியாது அவளுக்கு. ஆனால் எது ஏக்கம், எது குஷி என்று தெரியும்.

ஒரு மதியம் சப்-இன்ஸ்பெக்டர் வந்து நின்றார். கூடவே ஒரு ஏட்டு. வீடு தன்னுடையது என்பதால் பெத்தணன் அண்ணாச்சியும், என்ன ஏது என்று பார்க்க வீரலட்சுமியும். ஒப்படைத்த செட்டை மதுரையில் பிரித்துப் பார்த்துச் சிரித்திருக்கிறார்கள் போல. கமருன்னிசா திரைக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாள். முன்னறை மேஜையில் போர்வைக்கு அடியில் இருந்த செட்டை ஏட்டு இரண்டு நிமிஷத்தில் கண்டுபிடித்துவிட்டார்.

"இது என்னய்யா?"

"ரிப்பேருக்கு வந்தது சார். ஏரியல் இல்லாம இது வெறும் பெட்டி. யாரோடயும் பேசாது."

"ஏரியல் இல்லைங்கிறீரு?"

"அண்ணாச்சியக் கேளுங்க சார்."

"அது வாஸ்தவம்தாங்க" என்றார் பெத்தணன். "கூரையில ஒரு குச்சி நிக்க விடமாட்டேன். நானே தெனமும் அண்ணாந்து பாக்கேன்."

சப்-இன்ஸ்பெக்டர் செட்டின் பின்னால் கையை விட்டுத் தடவினார். ஒரு வயர் சுவருக்குள் போயிருந்தது. அது மண்ணுக்குப் போகிற வயர் என்றான் ஹலீம். அவர் திரையைப் பார்த்தார்.

"அங்கன என்ன?"

"பொம்பளைக பொழங்குற எடம் சார். முத்தம். துணிக்கொடி ஒண்ணு கெடக்கு."

"ஏம்மா, உள்ள இருக்கது துணிக்கொடிதானா?"

கமருன்னிசா திரையை இழுத்துப் பிடித்துக்கொண்டாள். ஏரியல் என்று சொன்னால் ஹலீமைச் சைனாக்காரனின் உளவாளி என்று கொண்டுபோய்விடுவார்கள். தூக்கில்கூடப் போடுவார்களோ என்று அவளுக்குப் பயம். எத்தனை கரித்துக்கொட்டினாலும் புருஷன். "கொடிதாங்க" என்றாள்.

சப்-இன்ஸ்பெக்டர் லேசுப்பட்ட ஆளில்லை. ரேடியோவைப் பற்றி ஒன்றும் தெரியாது, மனுஷனைப் பற்றி நிறையத் தெரியும். நாற்காலியை இழுத்து ஹலீமுக்கு எதிரே போட்டு உட்கார்ந்தார்.

"சரி. நான் உள்ள போக மாட்டேன். இந்த அம்மா போகட்டும்" என்று வீரலட்சுமியைக் காட்டினார். "ஒம்ம சம்சாரம் ஒரு துணியக் கொடியில போட்டு, கம்பியக் கையால பிடிச்சுக்கிட்டு நிக்கட்டும். நீரு இங்கன எல்லாத்தையும் மாட்டிக்கிட்டு, பேசுற மாதிரியே கட்டையத் தட்டும். ஏரியலா இருந்தா தொட்ட கை வெந்துரும்னு மதுரையில சொன்னாக. கொடிதானே? தட்டும்."

"காஞ்ச துணியாப் போடட்டுமே சார்" என்றான் ஹலீம், வாய் தவறி.

"காஞ்ச துணிய எவய்யா காயப்போடுவா? ஈரத்துணி."

வீரலட்சுமி உள்ளே வந்தாள். எத்தனை மாதத்துக்குப் பிறகு! "என்ன தாயி இப்படி எளச்சுப்போன" என்று கன்னத்தைத் தடவினாள். கமருன்னிசா வாளியிலிருந்து ஒரு சேலையைப் பிழிந்து கொடியில் போட்டாள். கம்பியைப் பிடிக்கும் முன் ஒரு நொடி கண்ணை மூடினாள். திருகைக் குறைப்பான் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். இந்தப் போலீசுக்குத் திருகு என்றால் என்ன தெரியும்? இடது பக்கம் ஒரு திருப்புத் திருப்பினால் தீர்ந்தது. ஆணையிட்டிருக்கிறான். கம்பியை இறுக்கிப் பிடித்தாள்.

முன்னறையில் கட்டை தட்டியது. கூப்பிடுகிற தாளம்.

கையில் ஒன்றுமில்லை. குளிர்ந்த கம்பி, சொட்டுகிற சேலை, அவ்வளவுதான். குறைத்துவிட்டான்! கமருன்னிசாவுக்குக் கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. நம்மை நினைத்தானே, இத்தனை பேருக்கு நடுவிலும் நம் கையை நினைத்தானே என்று மனசு பொங்கியது. இந்த மனுஷனையா சபித்தோம், அல்லா மன்னிக்கட்டும், இன்று ராத்திரி ஆட்டுக்கால் சூப் வைத்துக் கொடுக்க வேண்டும் என்றுகூட நினைத்தாள்.

"ஒண்ணும் இல்லைங்க. சும்மா நிக்கிறா பிள்ளை" என்று வீரலட்சுமி குரல் கொடுத்தாள்.

"போதும்யா, நிறுத்தும்" என்றார் சப்-இன்ஸ்பெக்டர். நாற்காலி நகர்கிற சத்தம் கேட்டது. கமருன்னிசா கையைத் தளர்த்தப்போனாள்.

"இருங்க சார்" என்றது ஹலீமின் குரல். அந்தக் குரலில் ஒரு அவசரம் இருந்தது. "கொஞ்சம் இருங்க. பின்னால சந்தேகம் வரக்கூடாது பாருங்க. நல்லாவே சோதிச்சுக்கிடுங்க. ஏ கமரு, கைய எடுக்காத!"

அந்த அவசரத்துக்கு என்ன காரணம் என்று அவளுக்கு அப்போது தெரியாது. குறைத்த சக்தியிலும் அந்தக் கூப்பாடு கடலைத் தாண்டியிருக்கிறது. ஹலீம் காதில் மாட்டியிருந்த கருவியில் கொழும்புக்காரன் பதில் கொடுத்துவிட்டான். லேசாகக் கேட்கிறது, யார் நீ, திரும்பச் சொல் என்று கேட்கிறான். ஹலீமின் இடது கை மேஜைக்கு அடியில் போவது போல் போய்த் திருகைத் தொட்டது. வலது பக்கம், முழுக்கத் திருப்பினான்.

அவளுக்குத் தெரிந்ததெல்லாம் அந்த வினாடி கைக்குள் நெருப்பு விழுந்ததுதான். விழுந்தது, நின்றது, விழுந்தது. நீளம், குட்டை, நீளம். ஈரச்சேலையிலிருந்து ஆவி எழும்பியது. கத்தினால் அவனைக் கொண்டுபோய்விடுவார்கள். கத்தக்கூடாது. இறுக்கிப் பிடித்தால் சுடாது என்றானே என்று எலும்பு நோக இறுக்கினாள். இறுக்கினால் சுடாதாம்! அவன் கையையா வைத்துப் பார்த்தான்?

"ஏந் தாயி, மூஞ்சி கருத்துப்போச்சு?" என்றாள் வீரலட்சுமி. மூக்கை உறிஞ்சினாள். "எங்கனயோ கோழி பொசுக்குறாக போல."

கமருன்னிசா அவளைப் பார்த்துச் சிரித்தாள். சிரித்தே தீரவேண்டியிருந்தது. எங்கேயோ தவறு நடந்துவிட்டது, திருகு தானாக நகர்ந்திருக்கும், அவனுக்குத் தெரிந்தால் பதறி நிறுத்திவிடுவான் என்று எண்ணிக்கொண்டு நின்றாள். உள்ளங்கை வழியாக அடி வந்துகொண்டே இருந்தது. அப்போதுதான் தாளம் புரிந்தது.

இது கூப்பிடுகிற தாளம் இல்லை. இது அந்தக் குதியாளத் தாளம். கொழும்புக்காரன் கிடைத்துவிட்டான், ஹலீம் பேசிக்கொண்டிருக்கிறான். சௌக்கியமா என்று கேட்டுக்கொண்டிருக்கிறான்!

முன்னறையில் சப்-இன்ஸ்பெக்டர் ஏட்டிடம் சொன்னது தெளிவாகக் கேட்டது. "அவன் மூஞ்சியப் பாருய்யா. எம்புட்டுச் சந்தோசமா இருக்கான். பொண்டாட்டி கை வேகுதுன்னா எவனாவது இப்படிச் சிரிப்பானா? கொடிதான்யா. போதும் பாயி, நிறுத்தும்ங்கிறேன்ல."

கட்டை நிற்கவில்லை.

அவள் கையை எடுத்தாள். எடுத்த இடத்தில் தோல் கம்பியோடு நின்றுவிட்டது. முக்காட்டைப் பற்றிய நினைப்பே இல்லாமல் திரையைத் தள்ளிக்கொண்டு, நாலு ஆண்பிள்ளைகள் நின்ற முன்னறைக்குள் வந்தாள். உள்ளங்கையை விரித்து நீட்டினாள்.

"அய்யா, அது கொடியில்லை. அதுதான் ஏரியல்."

எல்லோரும் திரும்பினார்கள். ஹலீம் மட்டும் திரும்பவில்லை. கருவி காதில் இருந்தது, பதில் வந்துகொண்டிருந்தது. சத்தம் போடாதே, ஒரு நிமிஷம் இரு என்பது போல அவளைப் பார்க்காமலே இடது கையைத் தூக்கிக் காட்டினான்.

சப்-இன்ஸ்பெக்டர் அந்தக் கருவியைப் பிடுங்கி எறிந்துவிட்டு விட்ட அறையில் அவன் நாற்காலியோடு சாய்ந்தான். ஏட்டு விலங்கை எடுத்தார். "என் கிட்டங்கிச் சுவத்துல கம்பியா? தீபாவளிச் சரக்கு பூராவும் கெடந்துச்சேலே, பாவி!" என்று பெத்தணன் அண்ணாச்சி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பாய்ந்தார். பொழுது அடைவதற்குள் வீடு காலியாக வேண்டும், ஒரு சாமான் இருக்கக்கூடாது என்று அவளைப் பார்த்துக் கத்தினார். வீரலட்சுமி வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு, "என்ன இருந்தாலும் தாலி கட்டுன மாதிரி ஒருத்தன். போலீசுல பிடிச்சுக் குடுத்துட்டியேடி" என்றாள். தெருவில் கூட்டம் கூடிவிட்டது. முக்காடு இல்லாமல் நிற்கிறாள் பார் என்றார்கள். அந்தக் கையைப் பற்றி ஒரு ஜீவன் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

விலங்கோடு இழுத்துக்கொண்டுபோகும்போது ஹலீம் வாசல்படியில் நின்றான். அப்போதுதான் அவள் கையைப் பார்த்தான். குறுக்கே ஒரு கோடாகச் சதை வெளுத்து, ஓரமெல்லாம் கருகி, நீர் வடிந்துகொண்டிருந்தது. கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தான். அவளுக்கு அந்த நேரத்திலும் ஒரு நப்பாசை இருந்தது.

"மெள்ளப் பிடிச்சிருப்ப" என்றான் அவன். "இறுக்கிப் பிடின்னு எத்தனை தடவை சொல்லியிருக்கேன். கொஞ்சம் இறுக்கிப் பிடிச்சிருந்தா ரெண்டு பேரும் தப்பிச்சிருக்கலாம்."

"இறுக்கித்தான் பிடிச்சேன்" என்றாள் கமருன்னிசா.

அவன் நம்பவில்லை. தலையை ஆட்டிக்கொண்டே படி இறங்கினான். அவள் உள்ளே போய், வாளியில் மிச்சமிருந்த ஈரத்துணிகளையெல்லாம் ஒற்றைக் கையால் பிழிந்து, ஒவ்வொன்றாக அந்தக் கொடியில் போட்டாள். சாயங்காலம் வரைக்கும் வெயில் இருந்தது. மூட்டை கட்டுவதற்குள் எல்லாம் காய்ந்துவிட்டன.